நம்பர் பாட்டு

உத்திராபதியின் வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். ரைட்.

காபி வேணுமா என்று கேட்டால் ரைட். வேணாமா என்று கேட்டால் அதற்கும் ரைட். மருந்து கசக்குதா, ஃபேனை நிறுத்தவா, டிவி போடவா, எல்லாவற்றுக்கும் ரைட். பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்துபோன செய்தியை ஒரு பெண் வாசலில் நின்று அழுதபடி சொன்னபோதும், "ரைட்" என்றார். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அதன்பிறகு யாராவது வந்தால் அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். காலை இழுத்து இழுத்துப் போவதற்குள் வந்தவர்கள் உள்ளேயே வந்துவிடுவார்கள். அது வேறு அவமானம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் கலியம்மாள் பஸ்ஸில் அவர் கண்டக்டர். போன ஆனி மாதம் ஒருநாள் காலை, பேரளி தாண்டி, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். டிரைவர் அய்யம்பெருமாள் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ்ஸை நேராக அரியலூர் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனார். இறங்க வேண்டியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் பாதி திரும்பி வந்தது. கை கொஞ்சம் வந்தது. பேச்சில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

"இருபது வருசமா ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ சொன்ன சொல்லு. அது மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு" என்றார் அய்யம்பெருமாள்.

தலையாட்டலையும் நம்ப முடியாது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மேலும் கீழும் ஆட்டுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் அதை முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆமா, இல்லை ரெண்டும் உள்ள தெளிவா இருக்கும்மா. வெளியில வர்ற வழியில மாறிப் போயிடும். அவர் முகத்தப் பாரு. அதுதான் பதில்."

அதைக் கேட்டுக்கொண்டவள் அவருடைய மகள் பூவிழி. விலங்கியல் படித்தவள். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறாள். அங்கே ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பூவிழி கூப்பிட மாட்டாள். எழுந்து போய், அவர் பக்கத்தில் நின்று, "உங்களுதுங்க" என்பாள். வீட்டில் பேச்சு முழுவதும் அப்பாவுடையது. ராத்திரி வண்டி விட்டு வந்ததும், அன்றைக்கு பஸ்ஸில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அத்தனை குரலிலும் பேசிக் காட்டுவார். அம்மா அம்சவள்ளி சிரித்துச் சிரித்து, "போதும் நிறுத்துங்க, சோறு ஆறுது" என்பாள். பூவிழி கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அவளுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் அவள் பேச வேண்டிய தேவை வந்ததே இல்லை.

இப்போது அந்த வீட்டில் மிக்ஸி சத்தம்தான் பெரிய சத்தம்.

பாட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வீடு அரியலூர் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. கலியம்மாள் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அய்யம்பெருமாள் ஹாரன் அடிப்பார். அன்றைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி குறுக்கே நின்றதால் பஸ் வீட்டுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எப்போதும் போடச் சொல்கிற பாட்டு.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உத்திராபதி வாயைத் திறந்தார்.

"ஏழு ஊரு தாண்டி வந்தேன், எம் பேரை யாரும் கேக்கலையே…"

சொல் சொல்லாக, சுத்தமாக, ராகத்தோடு. வலது உதட்டோரம் மட்டும் எச்சில் ஒழுகியது. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்சவள்ளி ஈரக்கையோடு ஓடிவந்தாள். சரணம் முடியும்வரை பாடினார். முடிந்ததும், "ஏங்க, பேசுங்க, என் பேரைச் சொல்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ரைட்" என்றார். பிறகு அழுதார்.

அந்த வாரம் அரியலூர் போனபோது மேடம் அதிசயப்படவில்லை. பேச்சு மூளையின் இடது பக்கம், பாட்டு பெரும்பாலும் வலது பக்கம், அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று விளக்கினார். பூவிழிக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்த பாடம் வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரும் என்றுதான் தெரிந்திருக்கவில்லை.

"பாட்டு மூலமா சொல்லைக் கொண்டுவரலாம். ஆனா ஒண்ணு, அவசரப்படக் கூடாது. முதல்ல பாடணும். அப்புறம் தாளம் மட்டும் தட்டிக்கிட்டு சொல்லணும். அப்புறம் வெறுமனே சொல்லணும். பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கழட்டிக்கிட்டே வரணும். அதுக்குப் பல மாசம் ஆகும்."

பல மாசம் அவர்களிடம் இல்லை. கலியம்மாள் பஸ்ஸின் பெரிய முதலாளி போன வருடம் காலமாகி, அவர் மகன் ரஞ்சித்குமார் பொறுப்புக்கு வந்திருந்தான். நல்ல மாதிரி. ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

"உத்திராபதிண்ணே, நீங்க திரும்பி வரணும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நம்ம டைம் கீப்பர் தை மாசத்தோட போறாரு. அந்த எடம் உங்களுக்குத்தான். உக்காந்து பாக்கற வேலை. ஊர் பேரைக் கண்டக்டர் கத்திக்குவான். டைம் மட்டும் நீங்க வாயால சொன்னா போதும். சொல்லுவீங்களா?"

"ரைட்."

இந்தத் தடவை முகமும் அதையே சொன்னது. பூவிழி பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை.

டைம் கீப்பர் என்றால் பஸ் ஸ்டாண்டில் பெரிய ஆள். ஒரே ரூட்டில் ஓடும் தனியார் பஸ்களுக்குள் ஒரு நிமிஷத்துக்கு அடிதடி நடக்கும். முன்னால் நிற்பவன் தன் நேரம் தாண்டி நின்றால் வழியில் நிற்கும் ஆட்களெல்லாம் அவனுக்கு. பின்னால் வருபவன் காலி பஸ் ஓட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆள் அங்கே நிற்பார். நம் வண்டியை எடு என்று சொல்லவும், அடுத்தவன் வண்டியைக் கிளப்பச் சொல்லிச் சத்தம் போடவும். வாய்தான் வேலை.

பூவிழி அன்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினாள். பேர், 'நம்பர் பாட்டு'. அப்பாவைத் தெரிந்தவர்களை எல்லாம் சேர்த்தாள். வாயால் கேட்க முடியாததை விரலால் அடிக்க அவளுக்கு வரும். *அப்பாவுக்கு எண்கள் திரும்ப வர வேண்டும். தலைப்பில் எண் உள்ள பாட்டு, உங்களுக்குப் பிடித்தது, அனுப்புங்கள். எண் முதலில் வந்தால் நல்லது. நடுவில் வந்தால் அதுவரை பாடித்தான் சேர வேண்டியிருக்கும்.*

முதல் பதில் பூலாம்பாடியில் இருக்கும் அத்தை செல்வம்மாளிடமிருந்து குரலாக வந்தது. "ஏண்டி பூவிழி, என் தம்பிக்கு நம்பர் மறந்துடுச்சா? கடைத்தெருவுல என் கையில இருந்த சில்லறைய எண்ணாமலே சொல்லுவானே! இரு, அஞ்சு வெரலும் மருதாணி பாடறேன். என் கல்யாணத்துல மைக்செட்டுல போட்டது." பாடினாள். நடுவில் ஆடு கத்தியது.

அய்யம்பெருமாள் எட்டுக்கு ஒரு பழைய நாடகப் பாட்டை அனுப்பினார். 'எட்டு மணி சங்கு ஊத'. பஸ் ஷெட்டில் நின்று பாடியிருந்தார்.

"எட்டு மணிக்கு ஊதுற சங்கு இது இல்ல டிரைவரே, ஒங்க தொண்டைய கேட்டா சாவு சங்கு மாதிரி இருக்கு" என்று செல்வம்மாள்.

"அக்கா, ஒங்க அஞ்சு வெரல் பாட்டுல ஆடுதான் ராகத்தோட பாடுது. அத அனுப்புங்க போதும்" என்று அய்யம்பெருமாள்.

"என் ஆட்டுக்கு இருக்கற ஞானம் கலியம்மா பஸ்ஸுல எவனுக்கு இருக்கு?"

இதைப் போட்டுக் காட்டியபோது உத்திராபதி சத்தமாகச் சிரித்தார். அம்சவள்ளி அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. தினம் பஸ்ஸில் போகும் டீச்சர் ஒருவர் 'நாலு மொழம் கதம்பம்' அனுப்பினார். உடையார்பாளையம் முந்திரிக் கம்பெனியில் இருக்கும் மாமா சுரேஷ்குமார் 'இருபது வயசுத் தென்னை'. ஒன்பதுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அம்சவள்ளியே, அடுப்பைப் பார்த்தபடி, யாருக்கும் முகம் காட்டாமல் பாடினாள். நாற்று நடும்போது அவளுடைய அம்மா பாடியது.

"ஒன்பது கொடம் தண்ணி ஊத்தி, ஒரு பூவும் பூக்கலையே. ஊத்துன கையி ஓஞ்சி போச்சி, ஒனக்கு மனசு எறங்கலையே…"

உத்திராபதி அந்தப் பாட்டை இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டார்.

தினமும் காலை, மாலை. பூவிழி அவருடைய இடது உள்ளங்கையில் தாளம் தட்டுவாள். விரலைக் காட்டுவாள். ஏழு விரல் காட்டினால் "ஏழு" வரும். ஒன்பது காட்டினால் "ஒன்பது" வரும். வந்த உடனே சட்டென்று அவர் கையைப் பிடித்து, "போதும்பா" என்று நிறுத்துவாள். அவள் கை பட்டால் பாட்டு நிற்கும். பன்னிரண்டு வரை வந்துவிட்டது. அதன்பிறகு இருபது, முப்பது. ஊதிப் பழக மேடம் பலூன் கொடுத்திருந்தார். அதை மட்டும் அவர் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய காக்கிச் சட்டையும் விசிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின.

"பாட்டைக் கழட்டிட்டியா?" என்று மேடம் கேட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா மேடம்" என்றாள் பூவிழி. கழட்டவில்லை. தை முடிய நாள் இருக்கவில்லை. எண் வெளியே வந்ததே அவளுக்குப் பெரிதாக இருந்தது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. படித்ததை அவள் மறந்துவிடவில்லை. பார்க்கப் பயந்தாள்.

மாசி முதல் நாள் அவரை அம்சவள்ளி குளிப்பாட்டி, காக்கிச் சட்டை போட்டுவிட்டு, திருநீறு பூசி அனுப்பினாள். பூவிழி லீவு போட்டுக் கூடப் போனாள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர்கூட எழுந்து வந்து கையைப் பிடித்தார். பூக்காரம்மா, "எங்க அண்ணன் வந்துட்டாரு, இனிமே எந்தப் பயலாவது நேரம் தாண்டி நிக்கட்டும் பாப்போம்" என்றாள். உத்திராபதி முகத்தைத் துடைத்துத் துடைத்து நின்றார். எச்சிலா கண்ணீரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே துண்டு.

கலியம்மாள் பஸ் ட்ராக்கில் வந்து நின்றது. புறப்படும் நேரம் ஒன்பது இருபது. ஒரு பாட்டியம்மாள் பையோடு வந்து கேட்டாள்.

"அரியலூரு வண்டி எப்ப எடுக்கும் சாமி?"

பூவிழி நாலடி தள்ளி நின்றாள். இது அவருடைய முதல் வாடிக்கை. தான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நினைத்தாள்.

"ஒன்பது" என்றார் உத்திராபதி. தெளிவாக. அவர் முகம் மலர்ந்தது. அடுத்து இருபது சொல்ல வேண்டும். வாய் கேட்கவில்லை. "கொடம் தண்ணி ஊத்தி, ஒரு பூவும் பூக்கலையே…"

பாட்டியம்மாள் பின்னால் நகர்ந்தாள். உத்திராபதி பல்லைக் கடித்தார். கடித்த பல்லுக்கு நடுவிலும் பாட்டு வந்தது. இடது கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வந்தது. "ஊத்துன கையி ஓஞ்சி போச்சி…" பூவிழி ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் நாற்பது ஐம்பது பேர் திரும்பிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ பெரம்பலூர் முழுக்கச் சுற்றியது. சாயங்காலம் பூலாம்பாடியிலிருந்து அத்தை போன் செய்தாள். "ஏண்டி, என் தம்பிய சினிமாவுல காட்டறாங்களாமே?" என்றாள் சந்தோஷமாக.

'பாட்டிலேயே நேரம் சொல்லும் பஸ் ஸ்டாண்டு அண்ணன்' என்று யாரோ பேர் வைத்திருந்தார்கள். அடியில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். எல்லோரும் பாட்டு அனுப்பினார்கள். எண் உள்ள பாட்டு, தங்களுக்குப் பிடித்த பாட்டு. அண்ணனுக்கு ஆறுக்கு இது. அண்ணன் பதினொன்றுக்கு இதைப் பாடுவாரா. பூவிழி குரூப்பில் கேட்டு வாங்கியதெல்லாம் இப்போது கேட்காமல் வந்து குவிந்தது. நல்ல பாட்டுகள். யாரும் கெட்டது நினைத்து அனுப்பவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட ஒரு ஆள்கூட இல்லை.

ரஞ்சித்குமார் மறுநாளே ஸ்பீக்கரும் சட்டையில் குத்தும் மைக்கும் வாங்கி வந்துவிட்டான். "பூவிழி, பெரம்பலூர்ல நம்ம பஸ்ஸுக்கு இப்படி ஒரு பேர் வந்ததே இல்ல. ஒவ்வொரு வண்டி எடுக்கும்போதும் ஒரு பாட்டு. நான் லைவ் போடறேன்."

அதிலிருந்து தினமும் நடந்தது. யாராவது வந்து விரலைக் காட்டுவார்கள். அஞ்சு விரல் காட்டினால் மருதாணி. ஏழு காட்டினால் ஏழு ஊரு. காட்டாமல் இருந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். காட்டிவிட்டால் அவரால் மூட முடியாது. அவளே பழக்கியது. நேரம் பார்க்கும் வேலையை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த கம்பெனி பஸ் நிமிஷம் தாண்டி நின்றால் கூட, அதன் டிரைவரும் இறங்கி வந்து பாட்டுக் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்காருவார். டிவியில் பாட்டு வந்தால் எழுந்து போவார். ஒருநாள் அம்சவள்ளி ஏதோ நினைப்பில் ஒன்பது குடம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவர் வாயும் தொடங்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் நிறுத்திவிட்டாள். அவரால் முடியவில்லை. முடியும்வரை அவள் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள்.

"நீ போயி அந்தத் தம்பிகிட்ட சொல்லு" என்றாள் அம்சவள்ளி மகளிடம். "எனக்குப் பேசத் தெரியாது. நீ படிச்ச புள்ள."

பூவிழி அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ரஞ்சித்குமார் எழுந்து நாற்காலி போட்டான். டீ சொன்னான்.

"சார், அப்பாவுக்குப் பாடறது பிடிக்கல."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"அப்பாவுக்கு… பாடறது வேணாம் சார். டைம் மட்டும் பாக்கட்டும்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "பூவிழி, தப்பா எடுத்துக்காத. டைம் சொல்ல அவரால முடியல. அது ஒனக்கே தெரியும். பாட்டு இருக்கறதாலதான் அந்த எடத்துல அவர வச்சிருக்கேன். இல்லன்னா வேற ஆளத்தான் போடணும். வூட்டுல உக்கார்றதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா? சரி, அவரையே கேட்டுடுவோம். அவரு வேணாம்னா விட்டுடறேன்." அவர் பக்கம் குனிந்தான். "உத்திராபதிண்ணே, மனசுல உள்ளத சொல்லுங்க. பாட்டு வேணாமா?"

உத்திராபதியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கூடியது. ஒரு சொல்லை எங்கிருந்தோ இழுத்து வருவது தெரிந்தது. தொண்டை வரை வந்தது. பூவிழி தன் உதட்டால் அதைச் சொன்னாள், சத்தமில்லாமல். வேணாம். வேணாம்.

"ரைட்" என்றார். தலை மேலும் கீழும் ஆடியது.

"பாத்தியா?" என்றான் ரஞ்சித்குமார், சிரித்தபடி. "நீதான் சின்னப் புள்ளையாட்டம் வெக்கப்படற."

அவர் முகத்தைப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் தெரியும் சார். டீ வந்தது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவர் வழக்கம்போல எழுந்து, தானே முகம் மழித்து, தானே சட்டை போட்டார். போகாமலும் இருக்கலாம் என்று அம்சவள்ளி சொன்னாள். செருப்பைத் தேடி மாட்டினார். பஸ் ஸ்டாண்டு அவருக்கு வேண்டும். அங்கே நிற்பது வேண்டும். பாட்டு மட்டும்தான் வேண்டாம். இந்த இரண்டையும் பிரிக்கிற சொல் அவரிடம் இல்லை. இருந்தவளிடம் குரல் இல்லை. கதவைச் சாத்தும்போது பூவிழி பார்த்தாள், ஆணியில் விசில் இல்லை.

அவளும் கூடவே போனாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். அரியலூர் காலேஜ் பிள்ளைகள், போனோடு நின்றவர்கள். ரஞ்சித்குமார் உத்திராபதியின் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, போனை உயர்த்தி, "வணக்கம் மக்களே" என்று தொடங்கியிருந்தான். கலியம்மாள் பஸ் நிரம்பிவிட்டது. அய்யம்பெருமாள் வண்டியை மெல்ல நகர்த்தினார். பின்னால் அடுத்த கம்பெனி பஸ் ட்ராக்குக்காகக் காத்து நின்றது.

"அண்ணே, மக்களுக்காக ஒன்பது!" என்று ஒன்பது விரலைக் காட்டினான் ரஞ்சித்குமார்.

உத்திராபதி இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். விசிலை எடுத்து வாயில் வைத்து, இடது பக்கத்துக்குத் தள்ளி, கடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு விசில். நீளமாக.

காற்று பாதி வலது உதட்டோரம் கசிந்து போயிற்று. ஆனாலும் கேட்டது. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம். அய்யம்பெருமாளின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் விழுந்தது. பஸ் குலுங்கி நின்றது. உள்ளே நின்றவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"என்னண்ணே? யாராச்சும் ஏறணுமா?" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டினார் அய்யம்பெருமாள்.

உத்திராபதி அவரைப் பார்க்கவில்லை. ரஞ்சித்குமாரைப் பார்த்தார். அவன் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை ஊதினார். ஒரே விசில். மைக் வழியாக ஸ்பீக்கரில் அது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

"சூப்பர்ணே! விசிலு சூப்பர்! மக்களே, பழைய கண்டக்டர் பாருங்க, பழக்கம் போவல!"

பூவிழிக்குப் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்தச் சொல்றாரு" என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

"நிறுத்தச் சொல்றாரு சார்!" இவ்வளவு சத்தமாக அவள் வீட்டில்கூடப் பேசியதில்லை. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். காலேஜ் பெண்ணின் போனும் அவள் பக்கம் திரும்பியது.

"அதான் பஸ் நின்னுடுச்சேம்மா" என்றான் ரஞ்சித்குமார்.

"பஸ்ஸ இல்ல…" என்று தொடங்கினாள். அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. அடுத்த சொல் அவளுக்கும் வரவில்லை. தொண்டை வரை வந்து நின்றது. அது எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

அய்யம்பெருமாள் ஸ்டியரிங்கில் இருந்து அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடம் அந்த விசிலுக்கு நின்றவர். அவருக்கு விளங்கிவிட்டது. என்ஜினை அணைத்தார். ஆனால் இறங்கி வரவில்லை. முதலாளி அங்கே நிற்கிறான், பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உத்திராபதியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்திவிட்டேன் அண்ணே, இதற்குமேல் என் கையில் என்ன இருக்கிறது என்பதுபோல.

பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. "நேரம் ஆச்சு, எடுங்கய்யா! ஒங்க கச்சேரிக்கு நாங்க நிக்கணுமா?" என்று அந்தக் கம்பெனி ஆள் கத்தினான். ஏறியிருந்த யாரோ, "ஆஸ்பத்திரி டோக்கன் போயிடும்ப்பா" என்றார்கள்.

உத்திராபதி தலையைத் தூக்கி பஸ் ஸ்டாண்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்கு நேரம் தாண்டிவிட்டது. கம்பெனி ஆளாக அவர் நிற்கும் இடத்தில், அவர் வண்டி, நேரம் தாண்டி நிற்கிறது.

விசிலை மறுபடி கடித்தார். இந்தத் தடவை இரண்டு. சின்னதாக.

அய்யம்பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ஜினைப் போட்டார். பஸ் திரும்பி அரியலூர் ரோட்டில் ஏறியது.

வாயிலிருந்து விட்ட விசில் சட்டையில் கட்டிய கயிற்றில் தொங்கியது. அவருடைய மூச்சு ஸ்பீக்கரில் இரைந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அதன் இரண்டு கைகளிலுமாக ஏழு விரலை விரித்துக் காட்டினாள். குழந்தை சிரித்தது.

உத்திராபதி பார்த்துவிட்டார்.

"ஏழு…"

பூவிழி ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்தாள். வீட்டில் பிடித்தால் நிற்கும். இங்கே நிற்கவில்லை. அவர் விரல்கள் அவள் கையை இறுக்கிக்கொண்டன. பாட்டு முடியும்வரை அவள் கையை விடாமல் அத்தனை பேர் நடுவிலும் நின்றாள்.